திலகருக்கு ஜாமீன் கொடுத்த நீதிபதி

1897-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் 4-ந்தேதி. பம்பாய் ஐகோர்ட்டு.

பால கங்காதர திலகர் சிறையில் இருக்கிறார். ஒரு வாரத்துக்கு முன்பு, ஜூலை 27-ந்தேதி இரவு, போலீசார் அவரைக் கைது செய்தார்கள். ராஜத்துரோகக் குற்றம். அவர் நடத்திய கேசரி பத்திரிகையில் வெளிவந்த எழுத்துக்காக இந்த வழக்கு.

திலகரை ஜாமீனில் விடவேண்டும் என்று முதலில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்டார்கள். அவர் முடியாது என்றார். ஐகோர்ட்டுக்குப் போனார்கள். பார்சன்ஸ், ரானடே என்ற இரண்டு நீதிபதிகள் மனுவைப் பார்த்தார்கள். அவர்களும் அப்போதைக்கு மறுத்துவிட்டார்கள். ரானடே சாதாரண மனிதர் அல்ல. பெரிய மேதை. திலகரைப் போலவே பூனாவில் புகழ் பெற்றவர். திலகரின் இனத்தவர். அவர் உட்கார்ந்திருந்த கோர்ட்டிலேயே ஜாமீன் கிடைக்கவில்லை.

மூன்றாவது முறையாக மனு போடப்பட்டது. இந்தத் தடவை அது போய்ச் சேர்ந்த இடம் ஒரு முஸ்லிம் நீதிபதியின் மேஜை.

வழக்குக்குக் காரணமான எழுத்து எதைப் பற்றியது? சிவாஜியைப் பற்றியது. பிஜப்பூர் தளபதி அப்சல்கானைச் சிவாஜி கொன்றது சரியா, தவறா என்று பூனாவில் நடந்த சிவாஜி விழாவில் பேசினார்கள். அந்தப் பேச்சுதான் கேசரியில் வந்தது. அப்சல்கான் ஒரு முஸ்லிம். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1893-ல், பம்பாய்த் தெருக்களில் இந்து முஸ்லிம் கலவரம் நடந்து ரத்தம் ஓடியிருந்தது. அதையொட்டித் திலகர் பிள்ளையார் சதுர்த்தியை ஊர்கூடி நடத்தும் பெருவிழாவாக ஆக்கினார். முஸ்லிம்களில் பலர் திலகரைத் தங்கள் நண்பராக நினைக்கவில்லை.

ஆகவே, இந்த நீதிபதி என்ன செய்யப் போகிறார் என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

திலகருக்காக வாதாடியவர் தின்ஷா தாவர் என்ற பார்சி வக்கீல். ஜாமீன் கொடுக்கக் கூடாது என்று சர்க்கார் தரப்பில் எதிர்த்தார்கள். நீதிபதி இரு தரப்பையும் கேட்டார். ஜாமீன் கொடுத்தார். திலகர் வெளியே வந்தார்.

அந்த நீதிபதியின் பெயர் பத்ருதீன் தயாப்ஜி. பம்பாய் ஐகோர்ட்டின் முதல் முஸ்லிம் நீதிபதி அவர்தான்.

சிறுபான்மையிலும் சிறுபான்மை

பத்ருதீன் 1844-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி பம்பாயில் பிறந்தார். தகப்பனார் முல்லா தயாப் அலி. வியாபாரி. முன்னோர்கள் அரபு நாட்டிலிருந்து வந்து, குஜராத்தில் உள்ள காம்பே துறைமுகத்தில் குடியேறியவர்கள். அங்கிருந்து பம்பாய்க்கு வந்தார்கள்.

இவர்கள் போரா முஸ்லிம்கள். வியாபாரத்துக்குப் பேர்போன வகுப்பு. இந்தியாவில் முஸ்லிம்கள் சிறுபான்மையோர். முஸ்லிம்களில் ஷியாக்கள் குறைவு. ஷியாக்களில் போராக்கள் ஒரு பிரிவு. அந்தப் போராக்களிலும் சுலைமானி என்ற மிகச் சிறிய கிளையைச் சேர்ந்தது தயாப் அலியின் குடும்பம். ஒரு பெரிய மரத்தில் நுனிக்கொம்பில் இருக்கும் இலை மாதிரி.

இப்படிப்பட்ட சின்னஞ்சிறு கூட்டத்தார் பொதுவாக என்ன செய்வார்கள்? தங்கள் தெரு, தங்கள் கடை, தங்கள் பள்ளிவாசல் என்று ஒதுங்கி இருப்பார்கள். அதிலும் அந்தக் காலத்து முஸ்லிம்கள் இங்கிலீஷ் படிப்பு என்றாலே பயந்தார்கள். பிள்ளைகள் இங்கிலீஷ் படித்தால் மார்க்கத்தை மறந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள்.

தயாப் அலி அப்படி நினைக்கவில்லை. தன் பிள்ளைகளைக் கடல் கடந்து ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். ஒரு பிள்ளையை அனுப்புவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. இவரோ ஒருவர் பின் ஒருவராக அனுப்பினார். வியாபாரிக்குக் கணக்குத் தெரியும் அல்லவா? எதில் முதல் போட்டால் குடும்பம் தழைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூத்த சகோதரர்களில் ஒருவரான கம்ருதீன் 1858-ல் இங்கிலாந்தில் சொலிசிடர் ஆனார். இந்தியர்களில் அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர். இந்த அண்ணன் பின்னால் தம்பிக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தார் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

தயாப் அலி என்ற தகப்பனார் பெயரிலிருந்துதான் தயாப்ஜி என்ற குடும்பப் பெயர் வந்தது. வீட்டில் பேசிக்கொண்டிருந்த குஜராத்தியை விட்டுவிட்டு உருதுவைக் குடும்ப மொழியாக ஆக்கிக்கொண்டார்கள். இன்னொரு அருமையான வழக்கமும் அந்தக் குடும்பத்தில் இருந்தது. வீட்டில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார்கள். ஆண், பெண், சிறியவர், பெரியவர் யாராக இருந்தாலும் அதில் எழுதலாம். ஊருக்குப் போனது, உடம்புக்கு முடியாமல் இருந்தது, படித்தது, பார்த்தது எல்லாவற்றையும் எழுதுவார்கள். பெண்கள் பேனா பிடிப்பதே அபூர்வமாக இருந்த நாளில் இந்த வீட்டுப் பெண்கள் அந்த நோட்டில் எழுதினார்கள்.

கண் நோயும் கப்பல் பயணமும்

பத்ருதீன் முதலில் மதரசாவில் ஓதினார். உருதுவும் பாரசீகமும் கற்றார். பிறகு எல்பின்ஸ்டன் பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் கண் பார்வை சரியில்லை.

கண் வைத்தியத்துக்காகப் பையனைப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து 1860-ல் இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்கத் தொடங்கினார். அப்போது வயது பதினாறு. லண்டன் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். 1863-ல் மிடில் டெம்பிள் என்ற சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் படிப்புக்குச் சேர்ந்தார்.

மறுபடியும் கண் தொந்தரவு கொடுத்தது. சட்டப் படிப்போ புத்தகம் புத்தகமாகப் படிக்க வேண்டிய படிப்பு. 1864-ம் ஆண்டின் கடைசியில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். சூயஸ் கால்வாய் இன்னும் வெட்டி முடியாத காலம். இங்கிலாந்துப் பயணம் என்பது இன்று போல எளிதல்ல. ஒரு முறை திரும்பி வந்தவர்கள் மறுபடி கிளம்புவது அரிது.

பத்ருதீன் கிளம்பினார். ஓராண்டு கழித்து, 1865 கடைசியில், மீண்டும் லண்டன் போய் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1867-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிஸ்டர் ஆனார். அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் வந்து சேர்ந்தார். வயது இருபத்து மூன்று.

வெள்ளைக்காரர் நடுவே ஓர் இந்தியர்

பம்பாய் ஐகோர்ட்டில் அப்போது பாரிஸ்டர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். அந்த வரிசையில் வந்து உட்கார்ந்த முதல் இந்தியர் பத்ருதீன்.

உட்காருவது ஒன்று, வழக்குக் கிடைப்பது வேறொன்று. அந்த ஐகோர்ட்டின் முறைப்படி கட்சிக்காரர் நேராகப் பாரிஸ்டரிடம் போக முடியாது. முதலில் சொலிசிடரிடம் போகவேண்டும். சொலிசிடர்தான் கட்டைப் பிரித்துப் பார்த்து, இந்த வழக்கை இன்ன பாரிஸ்டர் நடத்தட்டும் என்று முடிவு செய்வார். ஆகவே, சொலிசிடர் ஆதரவு இல்லாத பாரிஸ்டர் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சொலிசிடர்களிலும் வெள்ளைக்காரர்களே பெரும் பெயர் பெற்றிருந்தார்கள். ஆனால் பம்பாயில் சொலிசிடர் தொழில் நடத்தியவர்களில் ஒருவர் கம்ருதீன் தயாப்ஜி. அண்ணன்! தம்பிக்கு அவர் கைகொடுத்தார். தகப்பனார் போட்ட கணக்கு எவ்வளவு சரியானது என்று இப்போது தெரிகிறது அல்லவா?

அண்ணன் கதவைத் திறந்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் உள்ளே போய் நின்று பேசியது தம்பிதான். பத்ருதீனின் வாதத் திறமை சில ஆண்டுகளில் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. இளம் பாரிஸ்டராக காந்திஜி பம்பாயில் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது, பத்ருதீன் வாதாடினால் நீதிபதிகளே மலைத்துப் போவார்கள் என்று நண்பர்கள் அவரிடம் சொல்லுவார்களாம். காந்திஜியின் சுயசரிதையில் இந்தச் செய்தி இருக்கிறது.

பணமும் புகழும் வந்தபிறகு பலர் அதோடு நின்றுவிடுவார்கள். பத்ருதீன் நிற்கவில்லை. 1873-ல் பம்பாய் மாநகராட்சியில் உறுப்பினர் ஆனார். 1879-ல் மான்செஸ்டர் துணிக்கு இறக்குமதி வரியை நீக்கக் கூடாது என்று டவுன் ஹாலில் நடந்த கூட்டத்தில் பேசினார். சீமைத்துணி வரியில்லாமல் வந்தால் பம்பாய் மில்கள் என்ன ஆகும் என்பது அன்றைய பெரிய கேள்வி. 1882-ல் சட்டசபை உறுப்பினர் ஆனார்.

அடுத்த ஆண்டு இல்பர்ட் மசோதா வந்தது. வெள்ளைக்காரர் மேல் உள்ள வழக்கை ஜில்லாக்களில் இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்றது மசோதா. வெள்ளைக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். கறுப்பன் முன்னால் நாங்கள் கைகட்டி நிற்பதா என்பதுதான் அவர்கள் கோபம். மசோதாவை ஆதரித்துப் பம்பாய் டவுன் ஹாலில் கூட்டம் நடந்தது. பத்ருதீன் பேசினார். பிரோஷ்ஷா மேத்தா பேசினார். தெலாங் பேசினார். ஒருவர் முஸ்லிம், ஒருவர் பார்சி, ஒருவர் இந்து. பம்பாயின் மூவர் என்று ஊரே இவர்களைச் சொல்லிற்று. 1885-ல் மூவரும் சேர்ந்து பம்பாய் மாகாணச் சங்கத்தை அமைத்தார்கள்.

தன் சொந்த சமூகத்தையும் அவர் மறக்கவில்லை. அண்ணன் கம்ருதீனும் அவரும் நண்பர்களும் சேர்ந்து அஞ்சுமனே இஸ்லாம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைப்பது அதன் முக்கிய வேலை. பம்பாய் போரி பந்தர் ரெயில் நிலையத்துக்கு எதிரே அந்தப் பள்ளியின் அழகான கட்டிடம் எழுந்தது.

சென்னைக்கு வந்த தலைவர்

பத்ருதீன் நம் சென்னைக்கு வந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

காங்கிரஸ் மகாசபை 1885-ல் பம்பாயில் பிறந்தது. முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 72 பேர். அவர்களில் முஸ்லிம்கள் இரண்டே பேர். இது இந்துக்கள் சபை என்று எதிரிகள் சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டாவது கூட்டம் கல்கத்தாவில். மூன்றாவது கூட்டம் 1887 டிசம்பரில் சென்னையில். அதற்குத் தலைவராகப் பத்ருதீன் தயாப்ஜி தேர்ந்தெடுக்கப்பட்டார். காங்கிரஸின் முதல் முஸ்லிம் தலைவர்.

சென்னை ஆயிரம் விளக்கில் இருந்த மக்கீஸ் தோட்டத்தில் பந்தல் போட்டார்கள். 607 பிரதிநிதிகள் வந்தார்கள். வங்காளத்துக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். வரவேற்புக் கமிட்டித் தலைவர் ராஜா சர் டி. மாதவராவ். திருவாங்கூரிலும் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த பெரியவர். செலவுக்குப் பணக்காரர்களை மட்டும் நம்பவில்லை. ஏழை எளியவர்கள் ஆயிரக்கணக்கில் ஓரணா முதற்கொண்டு கொடுத்தார்கள். காங்கிரஸ் என்றால் என்ன என்று கேள்வி பதிலாகத் தமிழில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்து ஊர் ஊராக வழங்கினார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த மூக்கன் ஆசாரி என்ற கைத்தொழிலாளி மேடையில் தமிழிலேயே பேசினார்.

பத்ருதீன் இங்கிலீஷில் தலைமையுரை ஆற்றினார். தான் பம்பாய் மாகாணச் சங்கத்தின் பிரதிநிதி மட்டுமல்ல, அஞ்சுமனே இஸ்லாமின் பிரதிநிதியும்கூட என்று சொல்லிக்கொண்டார். இதில் ஒரு பொருள் இருக்கிறது. முஸ்லிம் என்பதை மறைத்துக்கொண்டு அவர் அந்த மேடைக்கு வரவில்லை. முஸ்லிமாகவே வந்தார். எல்லோருக்கும் பொதுவான நன்மைக்காக முஸ்லிம்கள் மற்ற நாட்டு மக்களோடு தோளோடு தோள் சேர்ந்து பாடுபடக்கூடாது என்பதற்கு எந்தக் காரணமும் தனக்குத் தெரியவில்லை என்றார்.

பந்தலில் கைதட்டல். ஆனால் அதே நாட்களில், டிசம்பர் 28-ந்தேதி, லக்னோவில் வேறு ஒரு கூட்டம் நடந்தது. அங்கே பேசியவர் அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையத் அகமதுகான். வட இந்திய முஸ்லிம்கள் அவரைத் தந்தை போல மதித்தார்கள். அவர் காங்கிரஸை வெளிப்படையாக எதிர்த்தார். முஸ்லிம்கள் அதில் சேரக்கூடாது என்றார்.

இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. மரியாதை குறையாத கடிதங்கள். ஆனால் கருத்து ஒன்றுபடவில்லை. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் எண்ணிக்கையில் கூடியவர்களுக்கு அடிமையாகிவிடுவார்கள் என்று சர் சையத் அகமது அஞ்சினார். உள்ளே இருந்துகொண்டே நம் உரிமையைக் காக்கலாம், வெளியே நின்றால் அதுவும் போய்விடும் என்பது பத்ருதீனின் எண்ணம்.

அவர் அதற்கு ஒரு வழியும் கண்டார். இந்துக்களாவது முஸ்லிம்களாவது ஏறக்குறைய ஒருமனதாக எதிர்க்கும் விஷயத்தைக் காங்கிரஸ் விவாதத்துக்கு எடுக்கக்கூடாது என்று யோசனை சொன்னார். 1888-ல் அலகாபாத் காங்கிரஸில் அது விதியாகவே ஆயிற்று.

இருந்தும் அவருக்கு மனம் நிம்மதி இல்லை. எதிர்ப்பு வளர்ந்துகொண்டே போயிற்று. 1888 அக்டோபரில் காங்கிரஸின் செயலாளர் ஹியூமுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். முஸ்லிம்களில் பெரும்பாலோர் எதிர்க்கும்போது பிடிவாதமாக நடத்துவதில் பயனில்லை, காங்கிரஸை ஐந்தாண்டுகளாவது ஒத்திவைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார். சென்னையில் அவ்வளவு நம்பிக்கையோடு பேசியவர் பத்தே மாதத்தில் இப்படி எழுதியிருக்கிறார் என்றால், இடையில் எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார்! அவர் யோசனையை யாரும் ஏற்கவில்லை. கூட்டங்கள் நடந்தன. அவரும் காங்கிரஸை விட்டு ஓடவில்லை.

நீதிபதி ஆசனத்தில்

1895-ம் ஆண்டு ஜூன் மாதம் பத்ருதீன் ஐகோர்ட்டு நீதிபதி ஆனார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இளைஞராக வந்து நின்ற அதே ஐகோர்ட்டு. ஆனால் கட்டிடம் புதிது. 1878-ல் கட்டி முடிந்தது.

அடுத்த ஆண்டு காந்திஜி தென் ஆப்பிரிக்காவிலிருந்து பம்பாய் வந்தார். அங்குள்ள இந்தியர் படும் துன்பத்தை ஊருக்குச் சொல்லக் கூட்டம் போட வேண்டும். யாரைப் பார்ப்பது? முதலில் ரானடேயைப் பார்த்தார். அவர் பிரோஷ்ஷா மேத்தாவைப் பார்க்கச் சொன்னார். அடுத்துப் பத்ருதீனைப் பார்த்தார். அவரும் அதையே சொன்னார். நீதிபதிகள் இருவருக்கும் அனுதாபம் நிறைய இருந்தது. ஆனால் நீதிபதியாக இருப்பவர் மேடை ஏற முடியாது. ஆசனத்தின் விலை அது.

பிறகுதான் 1897 வந்தது. அதற்கு முந்திய ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. பூனாவுக்கும் பரவியது. நோயை ஒழிக்க நியமிக்கப்பட்ட ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். மக்கள் மனம் எரிந்தது. ஜூன் 22-ந்தேதி, விக்டோரியா மகாராணியின் வைர விழா இரவில், ராண்டைச் சுட்டார்கள். அவரோடு அயர்ஸ்ட் என்ற இன்னொரு வெள்ளை அதிகாரியும் பலியானார். சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. வெள்ளைக்காரப் பத்திரிகைகள் திலகரைக் கைகாட்டின. கொலைக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 15-ந்தேதி கேசரியில் வந்த சிவாஜி எழுத்தைத் தோண்டி எடுத்து வழக்குப் போட்டார்கள்.

அந்தச் சூழ்நிலையில் திலகருக்கு ஜாமீன் கொடுப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். ஜாமீன் கொடுத்தால், பழைய காங்கிரஸ் தலைவர் காங்கிரஸ்காரரைக் காப்பாற்றினார் என்று வெள்ளைக்காரர்கள் சொல்லலாம். மறுத்தால், முஸ்லிம் நீதிபதி அப்சல்கானுக்காகப் பழிவாங்கினார் என்று மற்றவர்கள் சொல்லலாம். இரண்டு பக்கமும் நெருப்பு.

பத்ருதீன் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. சட்டத்தைப் பார்த்தார். ஜாமீன் விஷயத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்கு வருவாரா, ஓடிவிடுவாரா? திலகர் ஊரறிந்த மனிதர். ஓடக்கூடியவர் அல்ல. விசாரணைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. சிறைக்குள் இருந்துகொண்டு வக்கீல்களோடு கலந்து வழக்கை எப்படித் தயார் செய்வார்? கடைசியில் அவர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானால், அதற்குள் சிறையில் கழிந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?

இவ்வளவுதான் அவர் யோசித்தது. சிவாஜியும் இல்லை, அப்சல்கானும் இல்லை. கோர்ட்டின் முன் இருந்தது ஒரு மனிதர். இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத ஒரு மனிதர்.

விசாரணை செப்டம்பர் 8-ந்தேதி தொடங்கியது. நீதிபதி ஸ்டிராச்சி என்ற வெள்ளைக்காரர். ஒன்பது ஜூரிகள். ஆறு பேர் ஐரோப்பியர், மூன்று பேர் இந்தியர். சர்க்காரிடம் வெறுப்பை ஊட்டுவது மட்டுமல்ல, பிரியம் இல்லாமல் இருப்பதே குற்றம்தான் என்ற முறையில் ஸ்டிராச்சி சட்டத்துக்குப் பொருள் சொன்னார். ஆறு ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். மூன்று ஜூரிகள் இல்லை என்றார்கள். எந்த ஆறு, எந்த மூன்று என்று சொல்லத் தேவையில்லை. திலகருக்கு ஒன்றரை ஆண்டு கடுங்காவல்.

ஆக, பத்ருதீன் கொடுத்த சுதந்திரம் சில வாரங்களுக்குத்தான். ஆனால் அந்தச் சில வாரங்களில் திலகர் தன் வழக்கைச் சுதந்திர மனிதராக இருந்து தயார் செய்ய முடிந்தது. விசாரணை நாளில் அவர் தாமாகவே வந்து நின்றார். ஓடமாட்டார் என்று நீதிபதி போட்ட கணக்கு தப்பவில்லை.

பெண்களின் படிப்பு

1902-ல் பத்ருதீன் தாற்காலிகப் பிரதம நீதிபதியாக இருந்தார். பம்பாயில் அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்.

அவருடைய மனைவி ராகத்துன்னபீஸ். பதினெட்டுக் குழந்தைகள்! ஆண் பிள்ளைகளைப் போலவே பெண் பிள்ளைகளையும் படிக்கவைத்தார். 1904-ல் இரண்டு பெண்களை இங்கிலாந்தில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார். தகப்பனார் மகன்களை அனுப்பினார். மகன் மகள்களை அனுப்பினார். மகன்களில் பைஸ் தயாப்ஜி பின்னாளில் நம் சென்னை ஐகோர்ட்டிலும் நீதிபதியாக அமர்ந்தார்.

வீட்டில் செய்ததை வெளியிலும் சொன்னார். 1903-ல் பம்பாயில் நடந்த முகம்மதியக் கல்வி மகாநாட்டுக்கு அவர் தலைவர். சர் சையத் அகமதுகான் தொடங்கிய மகாநாடு அது. அந்த மேடையிலேயே பர்தா முறையைப் பற்றிப் பேசினார். மார்க்கம் விதித்ததைவிட மிகக் கடுமையாக நம்மவர்கள் பெண்களை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்றார். திலகருக்கு ஜாமீன் கொடுக்க வேண்டிய துணிவு ஒரு விதம். சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல வேண்டிய துணிவு வேறு விதம். இரண்டாவதுதான் கடினம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுவார்கள்.

லண்டனில் முடிந்த வாழ்வு

1906-ல் விடுமுறை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். ஆகஸ்டு 19-ந்தேதி லண்டனில் திடீரென்று மாரடைப்பு. உயிர் பிரிந்தது. வயது அறுபத்தொன்று. காங்கிரஸின் முதல் தலைவரான உமேஷ் சந்திர பானர்ஜியும் அதற்கு ஒரு மாதம் முன்புதான் இங்கிலாந்தில் காலமாகியிருந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் டாக்காவில் முஸ்லிம் லீக் பிறந்தது. பத்ருதீனும் சர் சையத் அகமதும் கடிதத்தில் நடத்திய வாதம் இனி நாடு முழுவதும் நடக்கும் வாதம் ஆயிற்று. தயாப்ஜி குடும்பம் பத்ருதீன் போட்ட பாதையிலேயே போயிற்று. அவருடைய சகோதரர் மகன் அப்பாஸ் தயாப்ஜி, 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்திஜி கைதானதும் அவருக்குப் பதிலாகத் தலைமை ஏற்றுச் சிறை சென்றார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. அவரும் பரோடாவில் நீதிபதியாக இருந்தவர்தான்.

பத்ருதீன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆயின. 1908-ம் ஆண்டு ஜூலை மாதம். பம்பாய் ஐகோர்ட்டு. திலகர் மேல் மறுபடியும் ராஜத்துரோக வழக்கு. மறுபடியும் கேசரியில் எழுதியதற்காகத்தான். மறுபடியும் ஜாமீன் மனு. திலகருக்காக எழுந்து நின்றவர் முகம்மது அலி ஜின்னா என்ற இளம் பாரிஸ்டர்.

நீதிபதியின் ஆசனத்தில் இருந்தவர் தின்ஷா தாவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு பத்ருதீன் முன்னால் நின்று, திலகருக்கு ஜாமீன் கொடுக்கத்தான் வேண்டும் என்று வாதாடிய அதே தாவர். இப்போது அவர் நீதிபதி.

தாவர் மறுத்துவிட்டார். காரணங்களை விரித்துச் சொல்லவும் விரும்பவில்லை. ஜூலை 22-ந்தேதி இரவு தீர்ப்புச் சொன்னார். ஆறு ஆண்டு தீவாந்தர சிட்சை. திலகரை மாண்டலே சிறைக்குக் கொண்டுபோனார்கள்.